ஐம்பது ஹெர்ட்ஸ்

வூட்ச் நகரில், ஒரு காலத்தில் பஞ்சாலையாய் இருந்த கட்டடத்தின் நிலவறையில்
செவ்வாய்தோறும் இரவு ஏழு மணிக்கு
யாகோடா மண்டியிடுகிறாள்.
வேண்டுதல் ஒன்றுமில்லை,
பெடல்களுக்கு வயர் மாட்டுகிறாள்.

முதலில் ட்யூனர். அப்புறம் கம்ப்ரெசர்:
துள்ளுகிற சுரத்தைத் தலையில் தட்டி,
பதுங்குகிறதைப் பெஞ்சில் ஏற்றி,
எல்லோரையும் ஒரே உயரத்தில் நிறுத்துகிற
பள்ளிக்கூட போட்டோக்காரர்.
அடுத்தது ஃபஸ், பாசிப்பச்சை டப்பா,
உடைந்த குமிழுக்குப் பதில் பற்பசை மூடி.
கடைசியில் கோரஸ். அதை அவள் மிதிப்பதேயில்லை,
விற்கவும் மனசில்லை.

ஃபஸ்ஸை அழுத்தினால் முதலில் பறிபோவது அடிவயிறு.
தேனீக்கள் வந்துவிடும், கூடு காணாமல் போகும்.
அதற்காகத்தான் அந்தப் பற்பசை மூடி:
அழுக்கு எவ்வளவு, வெளுத்தது எவ்வளவு.
பாதிக்குக் கொஞ்சம் கீழே நிறுத்துவாள்,
பார்க்காமலே.

யாரும் வாசிக்காதபோது
ஆம்ப் தானாக வாசிக்கும்.
சுவர் மின்சாரத்தின் முனகல், ஐம்பது ஹெர்ட்ஸ்,
ஜி சுரத்துக்குச் சற்றே மேலே.
ஊர் முழுக்கச் சேர்ந்து பிடிக்கும் ஒரே சுரம் அது:
இறைச்சிக்கடைக் குளிர்பெட்டி,
டிராம் நிறுத்தத்தின் ட்யூப்லைட்,
பதினோராம் மாடியில் யாரோ ஒருவரின் மீன்தொட்டி மோட்டார்.

கிடார் வாசித்த ஸ்வாவெக்தான் சொன்னான்,
"விரட்ட முடியாது. அதோடயே சுருதி சேர்த்துடு."
சேர்த்தார்கள்.
ஒன்பது வருடம், எல்லாப் பாட்டும்
வேறு யாருக்கும் ஒத்துவராத ஒரு ஜியில்.
கீபோர்டுக்கு வந்தவர்கள் மூன்று பேர்,
மூவரும் இரண்டாம் வாரம் வரவில்லை.

பிறகு ஸ்வாவெக் மில்வாக்கிக்குப் போனான்,
அக்கா புருஷனின் கூரை வேயும் கம்பெனிக்கு.
கிடாரை எடுத்துக்கொண்டான்.
ஆம்ப் இங்கேயே.
அங்கே மின்சாரம் வேறு.

மார்ச் முதல் வாரம், அவளுக்கு நாற்பத்திரண்டு.
டிரம்ஸ் வாசிக்கும் ஒல்கியெர்ட்
புது பவர் சப்ளை வாங்கி வந்தான்.
ஒவ்வொரு பெடலுக்கும் தனி வாசல், தனி மின்சாரம்,
ஒன்றின் எச்சில் இன்னொன்றுக்கு இல்லை.
மாட்டினாள்.
முனகல் நின்றது.

ஒல்கியெர்ட் குச்சிகளைத் தூக்கியபடி காத்திருந்தான்.
அவள் விரல் மூன்றாம் கட்டையில் இருந்தது,
இறங்கவில்லை.
குழாயில் எங்கோ தண்ணீர் போகிற சத்தம்,
ஒன்பது வருடத்தில் முதல்முறை கேட்கிறார்கள்.
"நல்லா இல்லையா?"
"நல்லா இருக்கு," என்றாள். "ரொம்பவே."

பத்தரைக்கு ஃபோன். அங்கே பிற்பகல் மூன்றரை,
மழை, கூரையில் ஏற முடியாது.
அடகுக்கடையில் ஒரு பழைய ஆம்ப் கிடைத்ததாம்.
அவன் குரலுக்குப் பின்னால் ஏதோ இரைந்தது.
"என்னடா அது?"
"இங்க அறுபது."

அவள் புது சப்ளையைப் பிடுங்கினாள்,
டேப் சுற்றிய பழைய அடாப்டரைச் சொருகினாள்.
முனகல் நாய் போல ஓடி வந்தது.
ஃபோனை ஸ்பீக்கர் துணியில் ஒட்டிப் பிடித்தாள்.
அவனும் பிடித்திருப்பான்.

ஃபோன் அவ்வளவு தாழ்ந்ததைச் சுமக்காது.
மேல்சுரங்களை மட்டும் கடல்தாண்டி ஏற்றிவரும்,
அடியைக் காது தன் கையிலிருந்து போட்டுக்கொள்ளும்,
மொய்க்கணக்கில் விட்டுப்போன பெயரை
ஞாபகத்திலிருந்து எழுதுகிற மாதிரி.

ஐம்பதுக்கு அறுபது. ஐந்துக்கு ஆறு.
நம் வீணைக்காரர்கள் அந்த இடத்தில் கட்டை போட்டு
சாதாரண காந்தாரம் என்று பெயரும் வைத்திருக்கிறார்கள்.
யாகோடாவுக்கு அது தெரியாது.
நாலு நிமிடம் பிடித்திருந்தாள்,
கை மாற்றி இன்னும் கொஞ்சம்.

வைத்தபின் ஒல்கியெர்ட் சொன்னான், தரையைப் பார்த்து,
"பில் இருக்கு. திருப்பிக் கொடுத்துடலாம்."
"எதுக்கு? கோரஸுக்கு மாட்டிக்கறேன்."
"அதை நீ மிதிக்கறதே இல்லையே."

மிதித்தாள்.
சகிக்கவில்லை, குளத்துக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி.
அவன் மெதுவாக நாலு எண்ணினான்.